ஆனைக்காவில் ஒரு பகல்

ஆற்றின் நடுவே இருபுறமும் நீர் ஓட நிற்கும் நிலத்தை நம் முன்னோர் ஆற்றிடைக்குறை என்றனர். அரங்கம் என்பதும் துருத்தி என்பதும் அதற்கே வழங்கிய பெயர்கள். அப்பர் பெருமான் திருமடம் அமைத்து உறைந்த திருப்பூந்துருத்தியும், இந்நாளில் குத்தாலம் என மக்கள் கூறும் திருத்துருத்தியும் இப்பெயரின் பழமைக்குச் சான்றாவன. கடல் சூழ்ந்த தீவைக் காண விரும்புவோர் இராமேச்சுரம் செல்லலாம். திண்டுக்கல்லில் வாழும் எம்மனோர், அதிலும் அறுபது கடந்தவர், காலையிற் புறப்பட்டு மாலையில் இல்லம் மீள வேண்டுமாயின், அவர்க்கு ஏற்ற தீவு காவிரியும் கொள்ளிடமும் இருமருங்கும் தழுவிக் கிடக்கும் திருவரங்கத் தீவேயாம். வழித்தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். திருவரங்கமும் திருவானைக்காவும் அத்தீவின்கண் உள்ளன.

அத்தீவு இன்று நாம் காணும் நிலையில் நிற்பதற்கு இரண்டு அணைகள் காரணமாயின. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடபால் ஓடுவது கொள்ளிடம். தென்பால் ஓடுவது காவிரி என்னும் பெயரையே தாங்கிச் செல்கின்றது. கீழ்பால் இரண்டும் மீண்டும் நெருங்கி வருமிடத்தில், காவிரிநீர் தாழ்ந்த கொள்ளிடத்தில் விழுந்துவிடாதபடி காப்பது பண்டைச் சோழர் கல்லணை. மேல்பால் நிகழ்ந்தது வேறு. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும் காவிரியின் படுகை மணலால் மேடிட்டும் போயினமையின், வந்த நீரிற் பெரும்பகுதி கொள்ளிடத்தில் ஓடிக் கடலிற் கலந்தது. தஞ்சை வயல்கள் வாடின. ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டி அதனை மாற்றினார். 2018 ஆகஸ்டுத் திங்கள் வெள்ளத்தில் அவ்வணையின் மதகுகளுட் சில இடிந்து வீழ்ந்தன; பின்னர்ப் புதிய கதவணை எழுந்தது.

சென்ற மாசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாம் நால்வர் இத்தீவுக்குச் சென்று வந்தோம். நால்வர் என்றது மக்களை. ஐந்தாவதாக ஒரு நாயும் உடன் வந்தது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாயைப் பற்றியதே. சமயத் திங்களிதழில் நாய்க்கு என்ன இடம் என வினவும் அன்பர் சற்றுப் பொறுத்து மேலே படிப்பாராக.

எம்முள் ஒருவர் பூட்டு வணிகர். திண்டுக்கற் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றபோது தம் கடைவாயிலில் மாவிலைத் தோரணம் கட்டி மகிழ்ந்தவர் அவர்; அக்குறியீட்டுக்குப் பின்னும் பூட்டுச் செய்யும் கைகள் ஊரில் குறைந்தே வருகின்றன என்பது அவர் கவலை. இன்னொருவர் அரசுப் பணியில் கால்நடை மருத்துவராயிருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் தமிழாசிரியர், திருமுறைகளில் ஆழ்ந்த பயிற்சியும், ஆசாரத்தில் இம்மியும் பிறழா உறுதியும் உடையவர். யான் நாலாமவன்.

நாய் வணிகருடையது. மணி என்று பெயர். கோம்பை இனத்தது, செந்நிற உடலும் கரிய முகமும் கொண்டது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வணிகரின் மனைவியார் அதனை மடியிலிட்டு வளர்த்தார். அவ்வம்மையார் சிவபதம் அடைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. இன்று மணிக்கு ஒரு கண்ணில் வெண்படலம் மூடிவிட்டது. மறு கண்ணிலும் அது பரவி வருகின்றது. செவி கேளாது. பின்னங்கால்கள் இரண்டும் தளர்ந்து, நடக்கும்போது ஒருபுறமாகச் சாயும். வணிகர் கையாலன்றிப் பிறர் கையால் உணவு கொள்ளாது. ஆதலால் அவர் எங்குச் சென்றாலும் அதுவும் செல்ல வேண்டும். அன்றேல் அவர் எங்கும் செல்லாதிருக்க வேண்டும். சென்ற ஓராண்டாக அவர் இரண்டாவதையே செய்து வந்தார்.

புறப்படும் வேளையில் ஆசிரியர் நண்பர் முகம் சுளித்தார். “தலயாத்திரைக்குச் செல்லும் வண்டியில் நாயை ஏற்றுவதா? நீராடித் திருநீறு அணிந்து வந்தவர் அதன் அருகில் எவ்வாறு அமர்வது?” என்றார். வணிகர் மறுமொழி கூறவில்லை. நாயைக் கையில் ஏந்தியவாறே நின்றார். மருத்துவர், “ஐயா, நீங்கள் முன்னிருக்கையில் அமருங்கள். நாங்கள் மூவரும் பின்னால் நெருங்கி அமர்ந்துகொள்கிறோம். அது எங்கள் காலடியில் கிடக்கும்” என்று வழக்கைத் தீர்த்தார். வண்டி புறப்பட்டது.

வடமதுரையும் அய்யலூரும் கடந்தன. அய்யலூரை ஒட்டிய மலைக்காடுகளில் தேவாங்கு வாழ்கின்றது. இரவில் மட்டும் இயங்கும், பெரிய கண்களையுடைய அச்சிற்றுயிரைக் காத்தற்பொருட்டுக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பைக் கடவூர்த் தேவாங்குக் காப்பகம் என்று தமிழ்நாட்டு அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. தேவாங்குக்கென ஏற்பட்ட காப்பகம் இந்தியாவில் அதுவே முதலாவது. மருத்துவர் இதனைச் சொல்லிவர, ஆசிரியர் தலை திருப்பாமலே, “தேவாங்குக்குக் காடு; நாய்க்குக் காரா?” என்றார். அனைவரும் நகைத்தோம். அவர்தாமும் நகைத்தார். அதன்பின் வையம்பட்டியும் மணப்பாறையும் கடந்தது தெரியவில்லை.

காவிரிப் பாலத்தைக் கடந்து தீவில் இறங்கித் திருவானைக்காவை அடைந்தபோது காலை பத்து மணி. திருக்கோயிலின் ஐந்தாம் திருச்சுற்று மதில் நெடியது. திருநீற்று மதில் என்று பெயர் பெற்றது. அதன் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. மதில் எடுப்பித்த காலத்தில் இறைவர் சித்தராய் எழுந்தருளி, வேலையாட்களுக்குத் திருநீற்றையே கூலியாக அளந்தார். அவரவர் உழைப்பின் அளவுக்கு அது பொன்னாயிற்று என்பர். அம்மதிலை அடுத்து ஒரு மரநிழல் இருந்தது. அங்கே வண்டியை நிறுத்தினோம்.

ஆசிரியரும் மருத்துவரும் முதலில் உள்ளே சென்றனர். வணிகர் எழுவதாயில்லை. “அவள் இருந்த நாளில் இச்சந்நிதியைப் பலமுறை கண்டாயிற்று. அகிலாண்டநாயகியின் தாடங்கத்தைக் கண்டால் அவளுக்குக் கண்ணீர் பெருகும். இன்று இதனோடு இருப்பது என் முறை, நீங்கள் செல்லுங்கள்” என்றார். யான் இசையவில்லை. இத்துணை வழி வந்தவர் வாயிலோடு மீள்வது தகாது என வற்புறுத்தினேன். ஈற்றில் அவர் தம் செருப்பைக் கழற்றி நாயின் முன்வைத்து, கயிற்றை என் கையிற் கொடுத்து எழுந்தார். அவர் நான்கடி வைப்பதற்குள் மணி மெல்ல முனகிற்று. பின்னர் மோந்து மோந்து செருப்பிருக்கும் இடத்தை அறிந்து, அதன்மேல் தன் தாடையை வைத்துக் கண் மூடிற்று. கண்ணும் செவியும் கைவிட்ட பின் அவ்வுயிர்க்கு எஞ்சி நின்ற வாயில் மூக்கு ஒன்றே. அவ்வொன்றும் தலைவனுடைய மிதியடியிற் சென்று தங்கியது.

ஒரு மணி நேரம் அவ்விடத்தில் அமர்ந்திருந்தேன். திருவானைக்கா, பஞ்சபூதத் தலங்களுள் நீர்த்தலம். கருவறையில் நீர் ஊறிக்கொண்டேயிருக்கும். அங்கு வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இறைவனை வழிபட்ட அடியார் இருவர் யார்? முனிவரல்லர், வேந்தரல்லர். ஒன்று யானை; ஒன்று சிலந்தி. சருகு இறைவன் திருமுடிமேல் விழாதபடி சிலந்தி தன் வாய்நூலால் மேற்கட்டி அமைத்தது. யானை துதிக்கையில் நீர் கொணர்ந்து திருமஞ்சனம் ஆட்டிற்று. ஒன்று காப்பென்று செய்ததை மற்றொன்று அழுக்கென்று கண்டது. யானை வலையைச் சிதைத்தது. சிலந்தி மீண்டும் இழைத்தது. ஒருநாள் சினம் மிக்குத் துதிக்கையுள் புகுந்து கடித்தது. யானை துதிக்கையை நிலத்தில் அறைந்தது, இரண்டும் மாண்டன. சிலந்தி சோழர் குடியில் சுபதேவருக்கும் கமலவதியாருக்கும் மகவாய்ப் பிறந்து கோச்செங்கட் சோழராயிற்று. அவ்வேந்தர் எடுப்பித்த மாடக்கோயில்கள் யானை ஏற இயலாதன. பழம்பிறப்பின் பகை வாசனை அரசராய்ப் பிறந்த பின்னும் கட்டடத்தில் தோன்றியதென்று பெரியோர் கூறுவது சுவைக்கத்தக்கது. வினை எவ்வளவு நுண்ணிதாய்த் தொடர்கின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டா.

இவ்வரலாற்றைச் சேக்கிழார் வாக்கிற் கேட்டு உருகுகின்றோம். யானையும் சிலந்தியும் தொண்டு செய்தன என்று கேட்கும்போது நமக்கு வியப்பும் அன்பும் எழுகின்றன. அவற்றின் உடலைக் குறித்து எவரும் முகம் சுளிப்பதில்லை. எம் ஊர்க்கோயிலையே எடுத்துக்கொள்க. திண்டுக்கல் நகரில் அபிராமியம்மையோடு எழுந்தருளியுள்ள இறைவர்க்குக் காளத்திநாதர் என்பது திருநாமம். சிலந்தியும் பாம்பும் யானையும் வழிபட்ட தலத்தின் பெயர் அது. அத்தலத்திலேதான் கண்ணப்பர் கண்ணிடந்து அப்பினார். அவர் திண்ணனாய் வேட்டைக்குப் புறப்பட்ட நாளில் உடன்சென்ற நாய்களையும் சேக்கிழார் பாடாது விட்டாரல்லர். ஆயினும் நாய்க்கென்று ஒரு தலபுராணம் யான் படித்ததில்லை. வைரவக் கடவுளின் பின்னே கல்லில் நிற்கும் ஊர்தியாகவே கோயிலுள் அதற்கு இடம் வாய்த்தது.

இன்னொன்றும் அங்கு நினைவில் எழுந்தது. மாணிக்கவாசகப் பெருமான் திருவாசகத்தில் தம்மை நாயென்று எத்தனை இடத்திற் கூறிக்கொள்கின்றார்! நாமும் சந்நிதியில் நின்று அப்பாடல்களை ஓதி, “நாயேன்” என்று கைகூப்புகின்றோம். அவ்வாறு ஓதிக்கொண்டிருக்கும் ஆசிரியர் நண்பர் உள்ளே; உண்மை நாய் வெளியே. கோயிலின் விதியை யான் குறை கூறுகின்றேனல்லேன். விலங்குகள் தடையின்றிப் புகுந்தால் சந்நிதியின் தூய்மையும் அமைதியும் நில்லா, விதி வேண்டற்பாலதே. ஆனால் வாயிலில் நிறுத்துவது ஒன்று. உயிர் என்னும் வரிசையினின்றே நீக்குவது மற்றொன்று. முன்னது ஒழுங்கு. பின்னதற்கு நம் நூல்களில் இடம் காணவில்லை.

அப்போது பூ விற்கும் முதியவள் ஒருத்தி, கூடையை இறக்கி எம்மருகே அமர்ந்தாள். நாயை நெடிது நோக்கி, “கிழமாகிவிட்டதா, சாமி?” என்றாள். ஆம் என்றேன். அவள் தன் செம்பு நீரை ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி அதன் முகத்தருகில் வைத்தாள். வணிகர் கையாலன்றி எதுவும் கொள்ளாதென்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி தலையைத் தூக்கி மோந்து, நீர் முழுவதையும் நக்கிக் குடித்தது. உணவுக்குரிய விரதம் நீருக்கு இல்லை போலும். அவள், “வைரவர் வாகனம் ஆயிற்றே” என்று சொல்லிக் கூடையைத் தலைக்கு ஏற்றிச் சென்றாள். பூவின் விலை கேட்கவும் இல்லை. என்னை வாங்கச் சொல்லவும் இல்லை.

பின்னர் யானும் உள்ளே சென்று உச்சிக்கால வழிபாடு கண்டேன். அம்மை இறைவனைப் பூசித்த தலமாதலின், நண்பகலில் அருச்சகர் சேலை உடுத்து அம்மை சந்நிதியினின்று இறைவன் சந்நிதிக்குச் சென்று பூசனை ஆற்றுவர், கோபூசையும் நிகழும். பசு ஒன்று அடியாரிடையே அமைதியாய் நின்றது. அதனைப் பற்றி விரித்தெழுத இஃது இடமன்று.

பிற்பகல் யாம் காவிரிக் கரையை அடைந்தோம். மேட்டூர் அணையின் பாசனநீரைத் தைத்திங்கள் நடுவில் நிறுத்துவது வழக்கமாதலால், மாசியில் ஆறு முழுதும் நிரம்பி ஓடாது. வெண்மணற் பரப்பின் நடுவே முழங்காலளவு நீர் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. திண்டுக்கற் சமவெளியிற் பிறந்தவர்க்கு ஓடும் நீரைக் காண்பதே ஒரு விழா. எம் ஊர்ப்பக்கத்துக் குடகனாறு ஆண்டிற் பல திங்கள் மணலாய்க் கிடப்பது. அதுவும் பெருகும்போது அமராவதியிற் கலந்து, அமராவதி வழியே காவிரியைச் சேர்கின்றது. ஆதலால் இவ்வாற்றில் எமக்கும் ஒரு பங்குண்டு என்று மருத்துவர் உரிமை கொண்டாடினார்.

கொண்டுசென்ற புளியோதரையும் தயிர்ச்சோறும் மணலில் இலை விரித்து உண்டோம். வணிகர் தயிர்ச்சோற்றைப் பிசைந்து உருண்டை உருண்டையாய் மணிக்கு ஊட்டினார். உண்டபின் மருத்துவர், “இதனை நீரில் இறக்கிப் பார்ப்போம்” என்றார். வணிகர் அஞ்சினார். மணி பெருகிய ஆற்றைப் பிறந்தது முதல் கண்டதில்லை. இருவரும் இருபுறமும் தாங்கி மெல்ல இறக்கினர். நீர் வயிற்றைத் தொட்டதும் அது ஒருகணம் நடுங்கிற்று, பின்னர் நடந்தது. சாயாமல் நடந்தது! தரையில் நான்கடிக்கு ஒருமுறை ஒடிந்து விழும் பின்னங்கால்கள், நீருள் நேராக ஊன்றி அடிவைத்தன. யாம் வியந்து நோக்க, மருத்துவர், “இதில் மாயம் ஒன்றுமில்லை. உடற்பாரத்தில் பெரும்பகுதியை நீர் தாங்கிக்கொள்கிறது. கால்களுக்கு எஞ்சும் சுமை சிறிது. மூட்டு தேய்ந்த விலங்குக்கு நீரில் நடை பழக்குவது மருத்துவ முறைகளில் ஒன்று” என்றார். நீர்த்தலத்தின் எல்லையில் இதனைக் கேட்ட எனக்கு அவ்விளக்கம் விளக்கமாக மட்டும் தோன்றவில்லை. மணி வாலை ஆட்டியவாறே ஓட்டத்தின் எதிர்முகமாக இருபதடி தொலைவு சென்று திரும்பிற்று. அதன் பின்னே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கி நின்றவர் யார் என்று பார்த்தேன், ஆசிரியர் நண்பர்.

வெயில் தணிந்தபோது வணிகர் தம் மனத்திலிருந்ததை வெளியிட்டார். அவர் மகன் கோயம்புத்தூரில் வேலையில் உள்ளவன். “அப்பா, இது இனித் துன்பப்படும்; உம்மையும் துன்புறுத்தும். ஊசி ஒன்று போட்டால் உறக்கத்திலேயே போய்விடும். அதுதான் கருணை” என்று ஒவ்வொரு வாரமும் தொலைபேசியிற் சொல்லி வருகின்றானாம். “நான் என்ன செய்வது? உங்கள் மூவரையும் கேட்டு ஒரு முடிவுக்கு வரவே இன்று வந்தேன்” என்றார் அவர். அவர் குரல் சற்றுத் தடுமாறிற்று.

ஆசிரியர் உடனே, “கொலை எவ்வுருவில் வந்தாலும் கொலையே. திருமூலர் கொல்லாமையைத் தனியே வைத்து ஓதியிருக்கிறார். நாய்ப்பிறப்பு அதன் பழவினையால் வந்தது. இத்துன்பமும் அவ்வினையின் பயன். அதனை அது நுகர்ந்து கழிக்கட்டும். இடையிற் புகுவதற்கு நாம் யார்?” என்றார்.

முடிவில் யான் அவரோடு ஒத்தேன். அதற்கு அவர் காட்டிய காரணத்தோடு ஒத்திலேன். ஏனெனின், வினைப்பயன் என்பது துன்புறும் உயிரின் கணக்கு. அருகில் நிற்பவன் கைகட்டி நிற்பதற்கு அது விடையாகாது. உயிர்களுக்கு உடம்பும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் இறைவன் தருவது ஒறுத்தற்கன்று. ஆணவ இருளினின்று அவை மெல்ல மெல்ல விடுபடுதற்பொருட்டு என்பது சித்தாந்தம். நான்கு வகைத் தோற்றத்தும் எண்பத்துநான்கு நூறாயிரம் பிறப்பினும் உழன்று மானுடம் எய்துதல் கடலைக் கையால் நீந்துவதை ஒக்கும் என்று அருணந்தி சிவாசாரியார் கூறுகின்றார். அக்கடலில் நீந்தும் ஓருயிர் நம் கைக்கெட்டும் தொலைவில் இளைத்து வருமாயின், அதன் வினையை எண்ணிக்கொண்டு கரையில் அமர்ந்திருப்பது நமக்கே ஒரு வினையாகும். தாங்குவதும் இறைவன் வகுத்த முறையில் அடங்கியதே. சற்றுமுன் ஆறு அதைத்தான் செய்தது.

இவ்வாறு யான் கூற, ஆசிரியர் மறுக்கவில்லை, இசையவுமில்லை. “நாலடியாரில் ஒரு பாட்டு உண்டு” என்று தொடங்கினார். யானை தன்னை நெடுநாள் பழகிய பாகனையே கொல்லும். நாயோ, தலைவன் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும் அவனை நோக்கி வால் குழைக்கும். ஆதலின் யானையனையார் நட்பை விடுத்து நாயனையார் நட்பைக் கொள்க என்பது அதன் பொருள். “ஆனைக்காவுக்கு வந்து யானையைத் தாழ்த்திப் பேசலாமா, ஐயா?” என்று மருத்துவர் வினவ, அவர், “பாட்டு அவ்வாறிருக்கிறது. யான் என்ன செய்வேன்?” என்றார். தொல்காப்பிய மரபியல் மக்களுக்கு ஆறறிவு கூறியபின் ஒருசார் விலங்குக்கும் அவ்வறிவு உண்டென்று உடன்பட்டதையும் அவரே எடுத்துரைத்தார். காலையில் முகம் சுளித்தவர் மாலையில் நூல்தேடிச் சான்று கொணர்ந்ததை யான் குறிப்பிட்டுக் காட்டவில்லை.

வணிகர் மருத்துவர் முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தார். மருத்துவர் நெடுநேரம் மணியின் முதுகெலும்பையும் இடுப்பு மூட்டையும் தடவிப் பார்த்து, ஈறுகளைத் திறந்து நோக்கி, பின் கூறினார்: “ஐயா, நூல் தெரிந்தவர்கள் பேசிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இது உண்கிறது. உம்மை அறிகிறது. வால் ஆடுகிறது. மூட்டுவலிக்கு மருந்து உண்டு, நான் தருகிறேன். வழுவழுத் தரையில் சாக்கு விரியுங்கள். உணவுக் கிண்ணத்தை ஒரு பலகைமேல் உயர்த்தி வையுங்கள். இரவில் இருமுறை எழுந்து வெளியே அழைத்துச் செல்லுங்கள். முதுமை நோயன்று. பார்ப்பவர்க்கு அது துன்பமாகத் தோன்றுவதனாலேயே அதற்கும் துன்பம் என்று கொள்ளலாகாது. எந்த மருந்தாலும் தணியாத வேதனை ஒருநாள் வந்து, அது உணவும் நீரும் நீத்துக் கதறுமாயின், அது வேறு வழக்கு. அன்று என்னை அழையுங்கள், அப்போது பேசுவோம். அந்த நாள் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை.”

இவ்விடத்தில் அன்பர்கட்கு ஒன்று கூறவேண்டும். மருத்துவர் கூறிய அந்த ‘வேறு வழக்கை’ப் பற்றி யான் முடிவுகூறத் துணியேன். பொறுக்கலாற்றா நோயிற் கதறும் உயிரைக் கண்டவர் அதனை எழுதட்டும். ஆனால் நம் வீடுகளில் இந்நாளில் நிகழ்வது பெரும்பாலும் அதுவன்று. முதிய நாய் தரையை நனைக்கின்றது, வெளியூர்ப் பயணத்துக்கு இடையூறாகின்றது, விருந்தினர்க்கு அருவருப்பாகின்றது. அதற்குக் கருணை என்று பெயரிட்டு ஊசியை நாடுகின்றனர். அதனினும் கொடியது, வண்டியில் ஏற்றிச்சென்று சிறுமலை அடிவாரத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் இறக்கிவிட்டு மீள்வது. கழுத்துப்பட்டையோடு சாலையோரம் ஓடும் நாயைக் காணும்போதெல்லாம், எந்த வீட்டார் எந்த வழியாகத் திரும்பினர் என்று எண்ணாதிருக்க என்னால் இயலவில்லை.

பாரதத்தின் இறுதியில் தருமபுத்திரர், உடன்வந்த நாயை விடுத்து வானூர்தியில் ஏற மறுத்த கதை யாவரும் அறிந்தது. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தைப் பத்துப் பருவங்களோடு நிறுத்திவிட்டமையால், தமிழர் பலரும் அதனைக் கதை சொல்வோர் வாயிலாகவே கேட்டிருப்பர். அந்நாய் அறக்கடவுளாய் மாறிற்று என்னுமிடத்தில் கேட்போர் மகிழ்வர். எனக்கு அவ்விடத்தினும் முன்னையதே பெரிதாகத் தோன்றும். அறக்கடவுள் என்று அறியாத நிலையில், வெறும் நாய் என்று கருதியே அவர் மறுத்தார்.

கதிரவன் சாயும் வேளையில் கரையேறினோம். வணிகர் மீண்டும் ஒருமுறை கோயில் வாயிலுக்குச் சென்று திருநீற்றுப் பொட்டலம் ஒன்று வாங்கி மடியிற் கட்டிக்கொண்டார். மணப்பாறையில் முறுக்கு வாங்க வண்டி நின்றபோதும் மணி விழிக்கவில்லை. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த ஆசிரியர், இருமுறை திரும்பி அதன் மூச்சை உற்று நோக்கினார்.

அதன்பின் நான்கு திங்கள் மணி உயிரோடிருந்தது. வணிகர் வீட்டு நடையெங்கும் சாக்கு விரிக்கப்பட்டது. மகன் சித்திரை விடுமுறையில் வந்து, இரவில் ஒருமுறை தானே எழுந்து அதனை வெளியே அழைத்துச் சென்றதாகத் தந்தையார் எம்மிடம் சொன்னார். ஆனித் திங்களில் ஒருநாள் விடியற்காலை, அவ்வம்மையார் கோலமிட்டு வந்த வாசற்படியின் அருகிற் படுத்தவாறே அது உயிர் நீத்தது. முன்னாள் இரவு தயிர்ச்சோறு உண்டிருந்தது. மருத்துவரை அழைக்க நேரவில்லை. செய்தி கேட்டு யாம் மூவரும் சென்றோம். கொல்லையில் வேப்பமரத்தடியிற் குழி தோண்டியிருந்தார்கள். வணிகர் ஆனைக்காவிற் பெற்ற திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, கை நடுங்கி, இடுவதா வேண்டாவா என்பார் போல ஆசிரியர் நண்பரை ஏறிட்டுப் பார்த்தார். ஆசிரியர் அருகே சென்று அப்பொட்டலத்தைத் தம் கையில் வாங்கி, ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டே குனிந்து, அதன் கரிய நெற்றியில் தாமே இட்டார்.